மழைக்கோட்டுக்குள் வந்த முகம்

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் அணைத்துவிடும் தூரத்தில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த எடிட்டரம்மா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பால் போகுது," என்றான் கணவன், தலையைத் துவட்டியபடியே குளியலறையிலிருந்து வந்து.

"போகட்டுங்க. இங்க ஊரே கொதிச்சிட்டிருக்கு, உங்களுக்குப் பால்தான் பெரிசா போச்சு."

அவன் அடுப்பை அணைத்துவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்தான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன் அவன். எங்கே எது நடுவழியில் நின்றாலும் பதறாமல் போய் நிற்பது அவன் தொழில். வீட்டிலும் அப்படியே பழகிவிட்டான்.

'எடிட்டரம்மா' என்பது அவன் கேலிக்கு வைத்த பெயர்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவனுடைய தங்கை ஒருத்தி மட்டும் அவளை மாறாமல் 'அண்ணி' என்று கூப்பிட்டாள். மற்றபடி மாடி வீட்டுக்காரர்களுக்கும் அவள் எடிட்டரம்மா.

முன்பு ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில், ஜன்னல் இல்லாத மூலையில், வருவது தெரியாமல் வந்து போவது தெரியாமல் போன பெண் அவள். வேலையை விட்டபின் பொழுது போகாமல் ஆரம்பித்த வலைப்பூவுக்கு 'சூடாறுமுன்' என்று பெயர் வைத்தாள். புதிதாக வந்த போன், திரைக்காரர்களின் சண்டை, தெருவில் நடந்த கூத்து என்று அன்றன்றைக்கு எல்லோரும் எதைப் பேசுகிறார்களோ அதை அவள் கொஞ்சம் காரம் தூவிப் பரிமாறுவாள். தலைப்பை முதலில் எழுதிவிடுவாள்; விஷயம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். பழைய ஆபீஸில் அவள் முகத்தையே ஏறிட்டுப் பார்க்காத மேலாளர், போன மாதம் கடைத்தெருவில் நிறுத்தி, "உங்க பதிவைத்தான் காலையில முதல்ல படிக்கிறேன்" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று காலை ஊரைக் கொதிக்கவைத்தது ஒரு சின்னஞ்சிறு காணொளி. முந்தைய நாள் சாயங்காலம், மழைத் தூறலில், தண்ணீர்த் தொட்டி முனையில் ஒரு காவலாளி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஸ்கூட்டர் அவரை இடித்துத் தள்ளியது. ஓட்டி வந்த பெண் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். காவலாளிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. எதிர்க்கடைக் கேமராவில் பதிந்தது இவ்வளவுதான்: ஒரு நீல மழைக்கோட்டு, தலையை மூடிய அதன் தொப்பி, தொப்பிக்குள் மாவு கரைத்து ஊற்றினதுபோல் ஒரு மங்கல். வண்டி எண்ணும் தெரியவில்லை.

எல்லாப் பதிவர்களும் அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 'அனல்' என்ற பெயரில் எழுதுகிற அவளுடைய போட்டிக்காரர் விடிவதற்குள்ளேயே இரண்டு பதிவு போட்டிருந்தார். பின்தங்கிப்போன ஆத்திரத்தில் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

அன்றைக்கு வேறொரு பதிவும் பாதியில் இருந்தது. 'தெளிமுகம்' என்று ஒரு புதிய செயலி. மங்கிப்போன படத்தைக் கொடுத்தால் முகத்தைப் பளிச்சென்று எடுத்துக் கொடுக்குமாம். முந்தைய நாளே போனில் இறக்கி வைத்திருந்தாள். அது ஏதேதோ அனுமதி கேட்டது. நாம் எல்லோரும் செய்வதுபோல அவளும் படிக்காமலே சரி, சரி என்று தட்டிவிட்டிருந்தாள்.

காணொளியில் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும் நொடியை நிறுத்திப் படமாக்கிச் செயலிக்குக் கொடுத்தாள். ஒரு வட்டம் சுற்றியது. மங்கல் மெல்ல மெல்ல இறுகியது. தொப்பிக்குள்ளிருந்து கண் வந்தது, மூக்கு வந்தது, கொஞ்சம் அகன்ற மோவாய் வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அவளைப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்!"

"நான் கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒண்ணு நின்னுபோச்சாம்," என்று வாசலிலிருந்து குரல் மட்டும் வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

எடிட்டரம்மா படத்தை இன்னொருமுறை பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம் போலிருந்தது. அந்த எண்ணமே அவளுக்கு ஒரு நல்ல வரியாகப் பட்டது. 'தப்பி ஓடிய மழைக்கோட்டு, இதோ முகத்தோடு!' என்று தலைப்புப் போட்டாள். தொழில்நுட்பத்தின் அதிசயத்தைப் பற்றி ஒரு பத்தி, மனிதாபிமானம் செத்துவிட்டதைப் பற்றி ஒரு பத்தி, கடைசியில், 'எங்கேயோ பார்த்த முகமாக இல்லை? நன்றாக யோசித்துப் பாருங்கள் மக்களே!' என்று முடித்தாள்.

மக்கள் யோசித்தார்கள்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் அவள் கையை விட்டுப் போய்விட்டது. யார் யாரோ எடுத்துப் போட்டார்கள். வலைப்பூவின் பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் போட்டார்கள். சாயங்காலம் ஒரு தாய் எழுதினாள்: 'இது எங்க பாப்பா போற காப்பகத்து டீச்சராச்சே!' அதற்குக் கீழே இன்னொருவர், 'ஆமா, அந்தப் பொண்ணுகிட்ட நீல மழைக்கோட்டும் இருக்கு' என்றார். இருட்டுவதற்குள் காப்பகத்தின் பெயர், தெரு, டீச்சரின் கல்யாணப் படம் எல்லாம் வந்துவிட்டன.

கல்யாணப் படத்தை எடிட்டரம்மா பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் இருந்தவள் அவளுடைய நாத்தனார். அந்தப் படத்தையே இவள்தான் எடுத்திருந்தாள்.

*

நாத்தனார் வேலை பார்த்தது வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தைகளை விட்டுப்போகும் காப்பகத்தில். சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தை முன்னால் பூனை மாதிரி கத்திக் காட்டி ஒரு வாய் ஊட்டிவிடுவாள் என்பதால் அவளுக்கு அங்கே 'மியாவ் டீச்சர்' என்று பேர். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. மாப்பிள்ளை ஏ.சி. மெக்கானிக், அதிகம் பேசாத, நல்ல பையன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கிக் கிடந்தது. அண்ணன் கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டான்.

"வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க அண்ணா. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும்னு சொல்றாங்க. பாதிக் குழந்தைங்க வரல. போலீஸ் வந்து வண்டியப் பாத்துச்சு. கேட்ல உரசின கோடு ஒண்ணு இருக்கில்ல, அதையே திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க."

"நீ அந்த நேரத்துல எங்க இருந்தே குட்டி?"

"காப்பகத்துலதான். கடைசிக் குழந்தைய அதோட அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் தரையத் துடைச்சு, பொம்மையெல்லாம் எடுத்து வெச்சுப் பூட்டிட்டு வந்தேன். யாரு பாத்தா? நான் துடைச்சதுக்குத் தரைதான் சாட்சி."

எடிட்டரம்மா தேநீர்க் கோப்பையை நீட்டினாள்.

"ஊரு பேசறதுக்கெல்லாம் நான் அழல அண்ணி," என்றாள் நாத்தனார். "அவரு கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. சாப்பிட்டுட்டு இருந்தோம். தட்டுலேர்ந்து தலைய நிமித்தாம, 'அன்னிக்கு நீ தண்ணித் தொட்டி வழியா வந்தியா?'ன்னு கேட்டாரு. அவ்ளோதான். அந்த வழியா வந்தியான்னுதான் கேட்டாரு. ஆனா எனக்குப் புரியாதா? கையக் கழுவிட்டுக் கிளம்பி வந்துட்டேன்."

"அவன் ஏதோ பயத்துல கேட்டிருப்பான்," என்றான் அண்ணன்.

"நான் இல்லன்னு சொன்னேன். நம்பினாரான்னு தெரியல. படத்தக் காட்டி, 'உன்ன மாதிரியேதானே இருக்கு'ன்னாரு. எனக்கே பாத்தா என்ன மாதிரிதான் இருக்கு. நான் என்னத்தச் சொல்ல?" அவள் சட்டென்று அண்ணியின் கையைப் பிடித்தாள். "அண்ணி, உங்களுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர், செயலி எல்லாம் அத்துப்படியாச்சே. அந்த முகம் எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்களேன். மொதல்ல எந்தக் கடன்காரன் போட்டான்னு மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"பாக்கறேன்மா," என்றாள் எடிட்டரம்மா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவள் மனசுக்குள் அந்த நிமிஷம் ஓடியதை வெளியில் சொன்னால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். பாவம் என்று தோன்றவில்லை அவளுக்கு. 'ஒருவேளை இவளேதானோ?' என்றுதான் தோன்றியது. செயலி பொய் சொல்லுமா? மிஷினுக்கு இவள்மேல் என்ன பகை? மழை, அவசரம், பயம், இடித்துவிட்டு ஓடியிருக்கலாம். நல்ல பெண்கள் தப்பே செய்யமாட்டார்களா என்ன? தான் செய்தது தப்பில்லை என்று ஆக வேண்டுமென்றால், எதிரில் தேம்பிக்கொண்டிருக்கிற இந்தப் பெண் குற்றவாளியாக வேண்டும். மனசு எவ்வளவு சுலபமாக அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது!

*

மறுநாள் பொழுது விடிந்தும் விடியாததுமாக எடிட்டரம்மா போனோடு பால்கனிக்குப் போனாள். ஒரு தீர்மானத்தோடுதான் போனாள். செயலி சரியாக வேலை செய்கிறது என்று தனக்கே நிரூபித்துக்கொண்டுவிட்டால், மனசு கொஞ்சம் அடங்கும்.

கீழே பால் வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். வழுக்கைத் தலை, நரைத்த மீசை. வேண்டுமென்றே கையை ஆட்டி மங்கலாக ஒரு படம் எடுத்துச் செயலிக்குக் கொடுத்தாள். வட்டம் சுற்றியது. மங்கல் இறுகியது. மீசை மெல்ல மெல்லக் கரைந்தது. மோவாய் அகன்றது. பால் வண்டிக்காரரின் சட்டைக் காலருக்கு மேலே நாத்தனார் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

எடிட்டரம்மா போனைத் திருப்பினாள். எதிர் மாடியில் உடற்பயிற்சி செய்த கிழவரைப் படம் எடுத்தாள். அவர் பாதி நாத்தனார், பாதி அவளுடைய கணவன். பிறகு பால்கனி மூலையில் தலைகீழாகச் சாத்தி வைத்திருந்த, தரை துடைக்கும் ஈரத் துடைப்பத்தைப் படம் எடுத்தாள். நூல் நூலாகத் தொங்கிய அழுக்குத் தலை. வட்டம் சுற்றியது. நூல்கள் கூந்தலாயின. கூந்தலுக்கு நடுவில் இரண்டு கண் திறந்தது. துடைப்பம் அவளைப் பார்த்துச் சிரித்தது. கல்யாணத்தன்று கேமராவைப் பார்த்து, "அண்ணி, பல்லு தெரியாம எடுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான், முதல் நாளே படித்திருக்க வேண்டியதைப் படித்தாள். செயலியின் உதவிப் பக்கத்தில், யாரும் இறங்கிப் போகாத அடியில் எழுதியிருந்தது. மங்கிப்போன குடும்பப் படங்களை மீட்பதற்காகச் செய்யப்பட்டது இது. தெரியாத இடங்களை, பயனரின் ஆல்பத்தில் அடிக்கடி வருகிற அன்புக்குரியவர்களின் முகங்களைக் கொண்டு நிரப்பும்.

அவளுடைய ஆல்பத்தில் அந்தக் கல்யாணம் அடைந்து கிடந்தது. நாத்தனார் நிற்க, நடக்க, அழ, சாப்பிட, தூங்க என்று எடுத்துத் தள்ளியிருந்தாள். அந்தப் பெண்ணை இவள் எவ்வளவு ஆசையாகப் படம் பிடித்தாளோ, அவ்வளவும் சேர்ந்துதான் மழைக்கோட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 'எங்கேயோ பார்த்த முகம்' என்று எழுதினாளே, வேறெங்கே பார்த்திருப்பாள்?

முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான். பதிவை அழித்தாள். அழித்து என்ன? ஊரெல்லாம் நகல். 'அந்தப் படம் உறுதி செய்யப்பட்டதல்ல' என்று ஒரே ஒரு வரி போட்டாள். உடனே, 'சொந்தக்காரங்களா?', 'யாரு மிரட்டினா?' என்று மறுமொழிகள் வந்து விழுந்தன. அனலுக்குப் போன் செய்தாள்.

"எடிட்டர், இதுக்கெல்லாமா கலங்குவீங்க?" என்று சிரித்தார் அனல். "பேசாம இருங்க. ரெண்டு நாள்ல வேற ஒண்ணு வரும், மக்கள் அந்தப் பக்கம் ஓடிருவாங்க. நாம என்ன செஞ்சோம்? படம் போட்டோம். பேரு சொன்னது நாமளா? அவங்களே சொல்லிக்கிட்டாங்க."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிருச்சுங்க."

"வேற வேலை கிடைக்கும். ஆனா நீங்க தப்புன்னு ஒத்துக்கிட்டீங்கன்னு வைங்க, உங்க பேரு போச்சுன்னா போச்சு. அப்புறம் எவன் படிப்பான்? இவ்ளோ நாள் கட்டினத ஒரு வார்த்தையில இடிச்சுக்கப் போறீங்களா?"

அவர் சொன்னதில் அவளுக்கு உறைத்தது ஒன்றுதான். மேலாளர் இனி கடைத்தெருவில் நிறுத்திப் பேசமாட்டார். மறுபடியும் அந்த ஜன்னல் இல்லாத மூலை. அந்த முகம் அவளுடைய ஆல்பத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கூடத்தில் நாத்தனார், பழக்க தோஷத்தில், சோபாக் குஷன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் போனபிறகு பொம்மைகளை அடுக்கும் அதே கை. அடுக்கி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அதையே கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அந்தக் கடன்காரனக் கண்டுபிடிச்சுட்டேன்மா," என்றாள் எடிட்டரம்மா.

நாத்தனார் நிமிர்ந்தாள்.

"நான்தான்."

*

கணவன் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. துடைப்பத்தின் படத்தை வாங்கிப் பார்த்தான். அப்புறம் பால்கனிக்குப் போய் அந்தத் துடைப்பத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தான். "லிஃப்ட் எங்க நிக்குதுன்னு தெரியாம நான் கதவத் திறந்தா, ஆளு குழிக்குள்ள விழுவான்," என்றான். அதற்குமேல் அன்று முழுக்க அவன் அவளிடம் பேசவில்லை.

நாத்தனார்தான் பேசினாள். அழுது ஓய்ந்தபின், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"பாத்த முகம்னு எழுதினீங்களே அண்ணி. யாரு, யாருன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலையா? யோசிச்சிருந்தா எனக்கு ஒரு போன் பண்ணியிருப்பீங்க. 'ஏண்டி, நீயா?'ன்னு கேட்டிருப்பீங்க. திட்டறதுக்காவது கூப்பிட்டிருப்பீங்க."

"சூடு ஆறிடுமேன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தையைக் கேட்க அவளுக்கே கூசியது. "நாளைக்குக் காப்பகத்துல பெத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னியே. நானும் வர்றேன்."

"வந்து?"

"இத அப்படியே சொல்றேன்."

"உங்க பேரு கெட்டுரும் அண்ணி."

"உன் பேர விடவா?"

அன்றே அவள் வலைப்பூவில் எல்லாவற்றையும் எழுதினாள். இந்த முறை தலைப்பை முதலில் எழுதவில்லை. என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில், 'தவறு என்னுடையது' என்று தலைப்பை மேலே வைத்தாள். வழக்கமாகப் பறக்கிற பதிவு இது நகரவே இல்லை. காரம் இல்லாத பண்டத்தை யார் தொடுவார்கள்? அனல் மட்டும் அதற்கு ஒரு பதிவு போட்டார்: 'சூடாறுமுன் ஆறிப்போன கதை!' அதை நிறையப் பேர் படித்தார்கள்.

*

காப்பகத்தில் பெரியவர்கள் எல்லோரும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஆனை, குதிரை, சூரியன். பின்வரிசையில், கதவோரமாக, மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். யாரும் கூப்பிடாமல் வந்திருந்தான். நாத்தனார் அவனைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

எடிட்டரம்மா எழுந்து சொன்னாள். மேடைப்பேச்சு அவளுக்கு வராது, எழுதத்தான் தெரியும். தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஓர் அப்பா கையைத் தூக்கினார். வங்கியில் வேலை பார்ப்பவர். மடிப்புக் கலையாத சட்டை.

"நீங்க டீச்சருக்கு என்ன வேணும்?"

"அண்ணன் மனைவி."

"அதான பாத்தேன்!" என்று அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டு ஆளக் காப்பாத்த வந்திருக்காங்க. மிஷின் பொய் சொல்லுச்சாம், இவங்க உண்மை சொல்றாங்களாம்."

ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. எடிட்டரம்மாவின் காது சிவந்தது. போனை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே எடுத்துப் பாருங்க சார். என்னை நம்ப வேணாம். உங்க இஷ்டத்துக்கு எதையாவது எடுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து நடைவழிக்குப் போனார். அங்கே வெளிச்சம் குறைவு. சுவர் ஆணிகளில் குழந்தைகளின் குட்டி மழைக்கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. மஞ்சள், சிவப்பு, பச்சை. தொப்பிகள் காலியாகக் கவிந்திருந்தன. தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்தார். செயலியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

மற்றவர்கள் எழுந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். ஒரு தாய், "ஐயோ" என்றாள்.

ஒவ்வொரு குட்டி மழைக்கோட்டுக்குள்ளும் மியாவ் டீச்சர் இருந்தாள். வரிசையாக, ஒரே கண், ஒரே மோவாய், ஒரே சிரிப்பு. ஆளே இல்லாத தொப்பிகளில் எல்லாம் அவள் முகம் தொங்கிக்கொண்டிருந்தது.

போன் கையைச் சுட்டுவிட்டதுபோல் வங்கி அப்பா அதைத் திருப்பிக் கொடுத்தார். "கடவுளே... என் பையனோட கோட்டு அது" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தோற்க மனமில்லாதவர்போல் கேட்டார்: "சரி, அப்ப அந்தக் காவலாளிய இடிச்சது யாரு?"

"தெரியாதுங்க."

"தெரியாதா?"

"தெரியாது. அந்தப் படத்த வெச்சு யாருக்கும் தெரியாது. அன்னிக்குக் காலையில நான் எழுதியிருக்க வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான் சார். எழுதலை. தெரியாதுன்னு எழுதினா யாரு படிப்பாங்கன்னு நினைச்சேன்."

கூட்டம் கலைந்தது. அன்று கடைசியாகப் போன குழந்தையின் அம்மா டீச்சரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். இன்னொருத்தி, "அதெல்லாம் சரிதான், இருந்தாலும் எதுக்கு வம்பு, நான் வேற இடம் பாத்துட்டேன்" என்று குழந்தையின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். காப்பகத்தின் உரிமையாளர் அம்மாள் திங்கட்கிழமை வரச் சொன்னார், ஆனால், "கொஞ்ச நாளைக்கு வாசலுக்கு வராம உள் ரூம்லயே இரு, என்னம்மா?" என்றும் சேர்த்துச் சொன்னார். நாத்தனார் தலையாட்டினாள். திரும்பக் கிடைத்தது இவ்வளவுதான், போனதெல்லாம் திரும்பவில்லை.

வெளியே மாப்பிள்ளை ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புதான்," என்றான். "நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிரு. வீட்டுக்கு வா."

"கேட்டது தப்பில்லைங்க," என்றாள் அவள். குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. "நான் பதில் சொன்ன பிறகும் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டிருந்தீங்களே, அதுதான். கூட வாழறவ சொன்னத விட்டுட்டு, போன்ல வந்தத நம்பினீங்க. வர்றேன். எங்க போகப் போறேன்? ஆனா அது ஆற நாளாகும்."

அவன் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். ஓட்டச் சொல்லி, தான் பின்னால் உட்கார்ந்துகொள்ளும் எண்ணத்தோடு ஒதுங்கி நின்றான்.

"என் பதிவை யாரும் பெரிசா படிக்கல குட்டி," என்றாள் எடிட்டரம்மா, அடிபட்ட குரலில். "முதல்ல போட்டதப் படிச்சவங்கள்ல கால்வாசிகூட வரல. இனிமே எழுதறதையே விட்டுடலாம்னு இருக்கேன்."

நாத்தனார் வண்டியில் ஏறாமல் திரும்பி நின்றாள்.

"அழகா இருக்கே! தப்பா எழுதிட்டு, சரியா எழுத வேண்டிய நேரத்துல பேனாவக் கீழ வெப்பீங்களா? அவங்க அத்தனை பேரும் படிக்கற வரைக்கும் எழுதுங்க அண்ணி. அது மிஷின், தெரியலன்னா சும்மா இருக்க அதுக்குத் தெரியாது, கையில இருக்கறத எடுத்து நிரப்பிடும். நாம மனுஷங்க. தெரியலன்னா, 'தெரியல'ன்னு சொல்லிட்டு நிறுத்திக்க நமக்கு வாய் இருக்கு. அப்படி நிறுத்தாம, தெரியாத இடத்துல ஒரு முகத்தக் கொண்டுபோய் வெச்சா, அது யாரோ ஒரு வீட்டுப் பொண்ணோட முகமாத்தான் இருக்கும். இந்தத் தடவை நம்ம வீட்டுப் பொண்ணு, அதனால உங்களுக்கு வலிச்சுது. வேற யார் வீட்டுப் பொண்ணாவோ இருந்திருந்தா, இன்னிக்குக் காலையில நீங்க அடுத்த பதிவு போட்டிருப்பீங்க."